முனையத்தில் நிறுவியதை எடிட்டர் காணாதது ஏன்?

திருநெல்வேலியில் கணினி விஞ்ஞானம் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: விஎஸ் கோட் எடிட்டருக்குள் இருக்கும் முனையத்தில், தொகுதிகளை நிறுவித் தரும் பிப் என்ற கட்டளையால், நம்பை என்ற கணிதத் தொகுதியை நிறுவியாகிவிட்டது, வெற்றி என்று திரையிலும் வந்துவிட்டது, ஆனால் ஓட்டும் பொத்தானை அழுத்தினால், அப்படியொரு தொகுதியே இல்லை என்று பைத்தன் கைவிரிக்கிறது. எடிட்டரை மூடித் திறந்தால் சில வேளைகளில் சரியாகிறது, சில வேளைகளில் ஆவதில்லை.

கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தன்கள் இருக்கின்றன. நிறுவியது ஒன்றில், ஓடியது மற்றொன்றில். இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததே. எந்தப் பைத்தன் முன்வந்து பதில் சொல்வது என்பது எங்கே முடிவாகிறது என்பதே சுவையான பகுதி.

செயல்முறை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், ஒவ்வொன்றும், பெயரும் மதிப்புமாகச் சோடி சேர்ந்த ஒரு பட்டியலைத் தன்னுடன் வைத்திருக்கிறது. சூழல் மாறிகள் எனப்படும் இவை 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து இருந்து வருகின்றன. அவற்றுள் பாத் என்பது முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட அடைவுகளின், அதாவது கோப்புறைகளின், வரிசை. நீங்கள் பைத்தன் என்று தட்டச்சு செய்ததும், முனையத்தில் நம் கட்டளைகளை வாசித்து நிறைவேற்றும் பாஷ் என்ற நிரல் அந்த வரிசையை இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் அகப்படுவதை ஓட்டிவிடும்.

ஒரு செயல்முறை இன்னொன்றைப் பிறப்பிக்கும்போது இந்தப் பட்டியலின் பிரதியொன்றைக் கொடுத்தனுப்புகிறது. நம் ஊர்ச் சீதனம் போல, புறப்படும் நாளில் கொடுத்ததுதான் கணக்கு. பின்னர் தாய்வீட்டில் சேர்வது தானாக மகளிடம் போவதில்லை, மகள் தேடிக்கொள்வது தாயிடம் திரும்புவதுமில்லை. எடிட்டர் முனையத்தின் பாஷைப் பெற்றெடுக்கிறது, பாஷ் பைத்தனைப் பெற்றெடுக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பிரதி.

ஒரு திட்டத்துக்கென்று தனிப் பைத்தனும் தொகுதிகளும் வைத்திருக்கும் அடைவை மெய்நிகர் சூழல் என்கிறார்கள். அப்படியானால் அந்தச் சூழலைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் ஆக்டிவேட் கோப்பு பாஷின் பாத்தை எப்படி மாற்றுகிறது? சாதாரண நிரலாக ஓட்டினால் அது பாஷின் பிள்ளையாகப் பிறந்து, தன் பிரதியை மட்டும் மாற்றிவிட்டு மடிந்துபோகும். ஆகையால்தான் அதற்கு முன்னால் சோர்ஸ் என்ற கட்டளையோ ஒற்றைப் புள்ளியோ இடுகிறோம்: பாஷ் அந்த வரிகளைத் தானே வாசித்துத் தன் பட்டியலையே திருத்திக்கொள்கிறது. பழைய பாத்தை ஒரு பக்கம் எடுத்துவைத்து, சூழலுக்குள் பின் என்ற பெயரில் உள்ள அடைவை வரிசையின் தலையில் ஏற்றி, கட்டளை வரியின் முன்னால் சூழலின் பெயரையும் காட்டுவதோடு அதன் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வன்தட்டில் ஒரு எழுத்தும் மாறுவதில்லை. இத்தனை சிறிய தந்திரத்துக்கு இத்தனை பெரிய விளைவு என்பது எனக்கு இன்னும் வியப்பே.

எடிட்டர்கள் இதை இரண்டு விதமாகச் செய்கின்றன. முனையம் திறந்ததும் ஆக்டிவேட் கட்டளையை நம் சார்பில் தட்டச்சு செய்வது ஒன்று. பாஷ் பிறக்கும் முன்பே பட்டியலைத் திருத்திக் கொடுப்பது மற்றது. பின்னது நேர்த்தியானதுதான், ஆனால் பாஷ் விழித்ததும் தன் தொடக்கக் கோப்பை வாசிக்கும்போது, அதிலுள்ள ஏதாவதொரு வரி வேறு அடைவை மறுபடி முன்னால் தள்ளிவிடக்கூடும். ஏற்கெனவே திறந்திருக்கும் முனையத்துக்கோ திருத்திய பட்டியல் எட்டுவதேயில்லை. வாசகரின் சிக்கலும் இங்கேதான்: பொத்தான் எடிட்டரில் தேர்ந்தெடுத்த பைத்தனை முழுப் பாதையோடு அழைக்கிறது, அவர் தட்டிய பிப்போ பாத்தை நம்பிப் போகிறது.

மூடித் திறப்பதை நம் ஆய்வுகூடங்களில் ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டார்கள். அது பலிப்பது புதிய செயல்முறைக்குப் புதிய பட்டியல் கிடைப்பதால். பலிக்காமற் போவது, வேறொரு சாளரம் திறந்திருக்க, எடிட்டரின் தாய்ச் செயல்முறை பழைய பட்டியலோடு உயிரோடிருப்பதால். காரணம் கேட்காமல் சடங்கைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு.

பிப்பைத் தனியே அழைக்காமல், பைத்தன், இடைவெளி, சிறுகோட்டுடன் எம், அதன் பின் பிப் என்று அழைத்தால், பதில் சொல்லும் பைத்தனிலேயே தொகுதி நிறுவப்படும். சூழலுக்குள் இருக்கும் பைத்தனை முழுப் பாதையோடு அழைத்தால் ஆக்டிவேட்டே தேவையில்லை; 2012இல் வந்த பைத்தன் 3.3 முதல், அது தனக்கு அருகிலோ ஓரடுக்கு மேலேயோ உள்ள சிறு அமைப்புக் கோப்பைப் பார்த்துத் தன் நூலகம் எங்கே என்று தானே அறிந்துகொள்கிறது. விண்டோசில் பாஷின் இடத்தில் இருக்கும் பவர்ஷெல், பாதுகாப்புக் கொள்கையைக் காட்டி ஆக்டிவேட்டை மறுத்தாலும் இந்த வழி திறந்தே இருக்கும். அங்கே அடைவின் பெயர் மட்டும் பின் அல்ல, ஸ்கிரிப்ட்ஸ்.