இருநூறு பாகத்துக்குக் கீழே ஒரு களஞ்சியம்

கொல்லம் சக்திகுளங்கரை துறைமுகத்தில், ஆழ்கடல் இறாலோடு வந்த படகில் குமரி மாவட்டத்து நீரோடி ஊர்க்காரர் ஒருவர் கழிவு மீன் பிரித்துக்கொண்டிருந்தார். "இதப் பாரு தம்பி" என்று ஒன்றை என் கையில் வைத்தார். உள்ளங்கை கொள்ளாத வெளிறிய ஓடு. அடியில் ஏழு ஜோடிக் கால்கள், கொக்கி போன்ற நகங்கள். உயிர் இருந்தது, விரலை இறுகப் பற்றியது.

"எத்தனை பாகத்துல அண்ணே?"

"இருநூறு இருக்கும்."

ஒரு பாகம் ஆறடி. அப்படியானால் ஏறக்குறைய 360 மீட்டர்.

இதன் பெயர் பாத்தினோமஸ். நண்டு, இறாலின் உறவு. பூந்தொட்டியைத் தூக்கினால் ஈரமண்ணில் ஓடுமே சாம்பல் நிறச் சிறு உயிர், அதற்கு இன்னும் நெருங்கிய சொந்தம். மெக்சிகோ வளைகுடாவில் கிடைத்த இனத்தை 1879-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் மில்ன் எட்வர்ட்ஸ் விவரித்தார். அது அரை மீட்டர் வரை வளரும்.

வெயில் எட்டாத அடியில் செடி கிடையாது. மேலிருந்து செத்து விழுவதுதான் சாப்பாடு. அது எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அதனால் கிடைக்கும்போது மூச்சுமுட்டத் தின்று கொழுப்பாகச் சேர்க்கிறது. மற்ற நேரம் அசையாமல் கிடக்கிறது. தண்ணீரின் குளிரே இதன் உடம்பின் குளிர் என்பதால் உள்ளே ஆற்றல் செலவும் மிகக் குறைவு. ஜப்பானின் தோபா மீன் காட்சியகத்தில் ஒன்று 2009 ஜனவரியில் ஒரு மீன் தின்றது. 2014 பிப்ரவரியில் இறக்கும்வரை வேறெதுவும் தின்னவில்லை. ஐந்து வருடம்! எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

இரை விழுந்தாலோ கதையே வேறு. மெக்சிகோ வளைகுடாவில் ஆய்வாளர்கள் முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டரின் உடலை இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். ஒரு நாளுக்குள் இவை வந்து மொய்த்துவிட்டன. அந்தத் தடித்த தோலையும் துளைத்து உள்ளே போய்த் தின்றன. வழிகாட்டி கண்ணைவிட வாசனைதான். நீரில் கரைந்து வரும் வாசனையை உணர்கொம்புகள் பிடித்துவிடும்.

கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தேன். பெண்ணாக இருந்தால் மார்புக்குக் கீழே தட்டுகள் சேர்ந்து ஒரு பை உண்டாகும், முட்டைகள் அதற்குள். முட்டையும் பெரிது, குஞ்சு தாயின் உருவிலேயே, ஒரு ஜோடிக் கால் மட்டும் குறைவாக வெளியே வருகிறது. முட்டை சுமக்கும் தாய் இரை வைத்த பொறியில் சிக்குவது மிக அரிது. அந்தக் காலம் முழுக்க சேற்றில் புதைந்து, ஏற்கெனவே சேர்த்த கொழுப்பிலேயே அது காலம் தள்ளுகிறது என்று கருதுகிறார்கள்.