வைரம் விளையும் இடம், ஐந்து எழுத்து

"வைரம் விளையும் இடம், ஐந்து எழுத்து." குறுக்கெழுத்தில் இப்படி ஒரு குறிப்பைப் பார்த்தால் கை யோசிக்காமல் 'சுரங்கம்' என்று எழுதிவிடும். சு, ர, ங், க, ம் எனக் கட்டங்களும் சரியாக நிரம்பும். விடையோ 'அடிமரம்'.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வைரம் பாய்ந்த கட்டை என்கிறோமே, அந்த வைரம்தான் இது. அடிமரத்தின் வெளிப்பகுதி வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுகிறது. மரம் முதிர முதிர, உட்பகுதியின் செல்கள் இறந்து, நீரோட்டம் நின்றுபோகிறது. பல மரங்களில் அங்கே பிசினும் டானினும் படிந்து, கட்டை கறுத்து இறுகுகிறது.

மரத்தின் உறுப்புச் சொற்களில் இரட்டை வேடக்காரர்கள் அதிகம். கொம்பு மாட்டுக்கும் உண்டு, கிளை வங்கிக்கும் உண்டு. எனக்குப் பிடித்தது 'சினை': பசுவிடம் கர்ப்பம், மீனிடம் முட்டை, இலக்கணத்தில் உறுப்பு, பழந்தமிழில் மரக்கிளை.

இத்தகைய சொற்களை மூளை எப்படிக் கையாள்கிறது? மொழி உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி 1979இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்கும் கருவிக்கும் அதே பெயர். சிலந்தி, கரப்பான் என்று பூச்சிப் பேச்சாகவே போகும் வாக்கியத்தில் அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில், 'எறும்பு', 'ஒற்றன்' என்று திரையில் எது தோன்றினாலும் கேட்டவர்கள் அதைச் சட்டென்று அடையாளம் கண்டார்கள். மூன்று அசை கழிந்ததும் ஒற்றனுக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு பொருளும் எழுகின்றன. சூழலுக்குப் பொருந்தாதது உடனே அடங்கிவிடுகிறது. 'விளையும் இடம்' என்று சேர்த்து எழுதியவர், மரத்தின் வைரம் அப்படி அடங்கிப்போவதைத்தான் எதிர்பார்க்கிறார்.

அதை மீட்டுத் தருவது குறுக்கே வரும் எழுத்து. ஆங்கிலக் கட்டத்தில் 26 எழுத்துகளில் ஒன்றுதான் வரும். தமிழில் 247 இருப்பதால், ஓர் எழுத்து தெரிந்தாலே ஏராளமான சொற்கள் கழிந்துவிடும். சில சமயம் எழுத்துகூடத் தேவையில்லை. புள்ளி வைத்த மெய் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. 'சுரங்கம்' என்பதன் மூன்றாம் கட்டம் 'ங்', 'அடிமரம்' என்பதில் 'ம'. அந்தக் கட்டத்தின் மூலையில் மேலிருந்து கீழுக்கான சிறிய எண் ஒன்று அச்சாகியிருந்தால், அங்கே ஒரு சொல் தொடங்குகிறது. சுரங்கம் இடிந்தது.