காரை விட்டு இறங்கியவர் நடக்கும் வழி

முகூர்த்த நாளில் மதுரைக் கல்யாண மண்டபம் ஒன்றின் வாசலில் பத்து நிமிடம் நின்றால், வாகன நிறுத்துமிடம் எங்கே பிசகுகிறது என்பது விளங்கிவிடும். காவலாளி "ஒடிச்சு வாங்க, இன்னும் வரலாம்" என்று காரின் பின்புறத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். அதே காருக்குப் பின்னால், சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் பட்டுச்சேலையை ஒதுக்கியபடி பக்கவாட்டில் நகர்ந்து வருவார்கள்.

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட கட்டம் போடுவது நம் நாட்டு வழக்கம். 1.7 மீட்டர் அகலமுள்ள கார் அதில் நின்றால், மிஞ்சுவது 80 சென்டிமீட்டர். கதவைத் திறப்பதும் ஆள் இறங்குவதும் அதற்குள்தான். கார்களை நேர்செங்குத்தாக நிறுத்தினால் கார்கள் வந்துபோக நடுவில் ஏறக்குறைய 6 மீட்டர் அகல ஓடுபாதை வேண்டும். 45 பாகை சாய்த்தால் ஒருவழிப் பாதைக்கு 4 மீட்டர் போதும்; ஆனால் ஒவ்வொரு காரும் வரிசையில் 3.5 மீட்டரைப் பிடித்துக்கொள்ளும். ஓடுபாதையையும் சேர்த்தே திட்டமிடுவோர் திறந்தவெளியில் காருக்கு 23 சதுர மீட்டர் என்று கணக்கிடுகிறார்கள்.

காரில் திரும்புபவை முன்சக்கரங்கள் மட்டுமே என்பதால், வளைவில் பின்சக்கரங்கள் உட்பக்கமாகக் குறுக்கிப் போகின்றன. முன்நோக்கி நுழைந்தால் பக்கத்துக் காரை உரசும் இடத்தில் பின்நோக்கி எளிதாக நுழைய முடிவதற்குக் காரணம் இதுவே. அப்படி நிறுத்தியவர் வெளியேறும்போது நடப்பவர்களை நேருக்கு நேர் பார்க்கிறார் என்பது, என் கணக்கில், அதைவிடப் பெரிய லாபம்.

நடப்பவர்கள் எப்போதும் குறுக்குவழியையே தேடுவார்கள். கோடு கிழித்து அவர்களைத் திருப்ப முடியாது. எனவே ஓடுபாதைகள் கட்டட வாசலை நோக்கி நீளவேண்டும். வாசலுக்கு இணையாக அவை கிடந்தால், ஒவ்வொரு வரிசையையும் ஊடுருவித்தான் ஆட்கள் வருவார்கள். காரின் உயரத்துக்கும் குறைந்த குழந்தை கடைசி நொடியில்தான் கண்ணில் படும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகுமென்றால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கார் அதற்குள் 12 மீட்டரைத் தாண்டிவிடும். 10 கிலோமீட்டர் வேகத்தில் 4 மீட்டர்தான். நீண்ட நேர்பாதை வேகத்தைத் தூண்டும் என்பதால், ஆட்கள் கடக்கும் இடத்தை நடைமேடை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டுவது நல்லது.

மதுரை வடக்கு ஆவணி மூல வீதியில் இருப்பது போன்ற அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் சரிவுப்பாதையும் சேர்ந்துகொள்கிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில், அதாவது பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் உயர்வில், கார் சுலபமாக ஏறும். சக்கர நாற்காலிக்கோ பன்னிரண்டுக்கு ஒன்றுதான் எல்லை. ஆகவே சரிவுப்பாதை கார்களுக்கு மட்டுமே. நடப்பவர்களுக்குத் தனிப் படிக்கட்டும் மின்தூக்கியும், மின்தூக்கியை ஒட்டி மாற்றுத்திறனாளிகளுக்கு 3.6 மீட்டர் அகலக் கட்டங்களும் வேண்டும். அந்தக் கூடுதல் அகலத்தில்தான் நம் ஊரில் முதலில் பைக் வந்து நிற்கும். 2 மீட்டருக்கு 1 மீட்டர் இடம் போதுமான அந்த வண்டிகளுக்கு, வாசலுக்கு அருகிலேயே தனி இடம் ஒதுக்கினால்தான் சக்கர நாற்காலியை இறக்க அந்த இடம் காலியாக இருக்கும்.