'ப'வை விழுங்கும் மூக்கு

"மலேசியாவில் பள்ளிப் பரீட்சையை 'பெபெரிக்ஸாஆன்' என்கிறார்கள். நம் பரீட்சைதானா அது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

ஒன்றுவிட்ட சொந்தம் எனலாம். சமஸ்கிருதத்தில் 'பரி' என்றால் சுற்றி, 'ஈக்ஷ்' என்றால் பார். நமக்கு அது பரீட்சை. மலாய்க்கும் இந்தோனேசிய மொழிக்கும் 'பெரிக்ஸா'. சோதி, சரிபார், விசாரி என்றெல்லாம் பொருள் தரும் வினை. நம் கடை அங்கே 'கெடாய்' ஆனது உண்மை. அதற்காக இதையும் நம் கணக்கில் எழுத வேண்டாம். உலகச் சொல்லெல்லாம் இங்கிருந்துதான் போயின என்று வாட்ஸப்பில் வருவதைப் படித்துச் சலித்துவிட்டது.

எனக்குப் பிடித்த இடம் வேறு. இந்த வினைக்கு முன்னால் 'மெ'யும் ஒரு மூக்கொலியும் ஒட்டினால் 'மெமெரிக்ஸா'. ப எங்கே? ம விழுங்கிவிட்டது. 'துலிஸ்' (எழுது) 'மெனுலிஸ்' ஆகும், 'கிரிம்' (அனுப்பு) 'மெஙிரிம்' ஆகும். ப போய் ம, த போய் ன, க போய் ங. கிட்டத்தட்ட நம் வல்லின மெல்லின ஜோடிகள்தான்.

மூக்கைப் பொத்திக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள், நின்றுவிடும். ம-வுக்கு மூக்கு வழி திறந்திருக்க வேண்டும், குரல்நாண் அதிர வேண்டும். அடுத்து ப வந்தால், உதடு மூடியபடியே இருக்க, மேலண்ணத்தின் பின்பகுதி எழும்பி மூக்கை அடைக்க வேண்டும். அதே நொடியில் அதிர்வும் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வது வாய்க்குக் கஷ்டம். தமிழ் அதிர்வை நிறுத்தாமலே விட்டுவிட்டது. அதனால்தான் 'அம்பு'வில் வரும் பு, 'புல்'லில் வரும் பு மாதிரி ஒலிப்பதில்லை. மலாய் ப-வையே கழற்றி எறிந்தது. 'பஸ்'ஸின் ப போல ஏற்கெனவே அதிரும் ஒலிக்கு இந்தத் தொல்லை கிடையாது: 'பாச்சா' (படி), 'மெம்பாச்சா'.

பழைய பழக்கம் இது. சுமத்ராவில் பலெம்பாங் அருகே கிடைத்த கெடுக்கான் புக்கித் என்ற பழைய மலாய்க் கல்வெட்டில் (கி.பி. 682), பல்லவ எழுத்தில், 'மஙலப் சித்தயாத்ரா' என்று வருகிறது. மூக்கொலி ஒட்டிய உள்ளூர் வினை, பக்கத்திலேயே சமஸ்கிருதப் பெயர். நேற்று வந்த 'ப்ரோசெஸ்' இன்னும் விருந்தாளிதான். 'மெம்ப்ரோசெஸ்' என்று ப-வைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. பெரிக்ஸாவோ ப-வைத் தொலைத்து ஊர்க்காரனாகிவிட்டது.

சரி, வாசகர் சொன்ன சொல்லில் ப இருக்கிறதே? அதில் ஒட்டியிருப்பது மூக்கொலி இல்லாத 'பெ'. மூக்கொலியோடு ஒட்டினால் 'பெமெரிக்ஸாஆன்'. மலேசியாவில் மாணவர் எழுதுவது முதலாவது. டாக்டரோ சுங்க அதிகாரியோ நடத்துவது இரண்டாவது. இந்தோனேசியப் பள்ளிகளில் தேர்வுக்குப் பெயர் 'உஜியான்'.