19 ஹெர்ட்ஸ் பேய்

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். மூன்று பேர் தங்கிய அறையில் நான் கடைசியாகச் சேர்ந்தவன் என்பதால் எனக்குக் கட்டில் கிடையாது. ஜன்னலை ஒட்டித் தரையில் பாய். இரவு வேலை முடிந்து விடியற்காலை நான்கு மணிக்கு வந்து படுப்பேன். ஒருநாள் விழிப்பு வந்தது, கண் திறந்தது, மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. கையைத்தான் அசைக்க முடியவில்லை. கதவுப் பக்கம் யாரோ நின்றார்கள். அடுத்த கணம் அந்த ஆள் என் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தார். கத்தினேன், சத்தம் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கட்டு அவிழ்ந்ததுபோல் உடம்பு திரும்பி வந்தபோது மற்ற இருவரும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அமுக்குவான், தம்பி" என்றார் அறையில் மூத்தவரான திண்டுக்கல் அண்ணன், பல் துலக்கிக்கொண்டே. "இந்த அறையில் ஒருவர் செத்துப்போயிருக்கிறார். அதனால்தான் வாடகை குறைவு." மற்ற அறைகளுக்கும் அதே வாடகைதான் என்பது எனக்குத் தெரியும், வாக்குவாதம் செய்யவில்லை. அன்றிரவு தன் பெட்டியிலிருந்து உள்ளங்கை அகல இரும்புப் பூட்டு ஒன்றை எடுத்து என் பாய்க்கு அடியில், நடு முதுகு படும் இடத்தில் வைத்தார். இரும்பு இருந்தால் அண்டாதாம். மறுநாளிலிருந்து அமுக்குவான் வரவில்லை. பூட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அமுக்குவானின் வேலை நடப்பது மூளைத்தண்டில். கனவு மிகுந்து வரும் ரெம் தூக்கத்தில் கிளைசின், காபா என்ற இரு வேதிப்பொருள்கள் தசைகளை இயக்கும் நரம்புகளின் வாயை அடைத்துவிடுகின்றன. அடைக்காவிட்டால் கனவில் ஓடுகிறவன் மேன்ஷன் படிக்கட்டிலும் ஓடுவான். சில நாள் விழிப்பு முந்திக்கொள்ளும், முடக்கம் விலகத் தாமதமாகும். கண்ணும் மூச்சுவிடும் உதரவிதானமும் மட்டும் இயங்கும். ஆழமாக மூச்சிழுக்கப் பார்த்தால் விலாத் தசை ஒத்துழைக்காது. அந்த இறுக்கத்துக்கு மூளை ஒரு காரணம் தேடுகிறது, நெஞ்சில் ஆளை உட்கார வைக்கிறது. கனவு இன்னும் முழுதாகக் கலையாததால் ஆளுக்குப் பஞ்சமில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று, பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கும் மாணவர்களில் 28.3 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருப்பதாகக் கணக்கிட்டது. ஜப்பானியர் இதைக் கனாஷிபாரி என்கிறார்கள். கெட்டுப்போன தூக்கம் இதற்கு முக்கியக் காரணம். நகரத்து விடுதிகளிலும் மேன்ஷன்களிலும் பேய்க்கதை ஏன் இத்தனை செழிப்பாக வளர்கிறது என்பதற்கு இந்த ஒன்றே பாதி விடை.

மீதிப் பாதி, நன்றாக விழித்திருக்கிறவர்களுக்கு வருகிற பேய். இங்கேதான் எல்லோரும் விக் டேண்டியின் கதையைச் சொல்வார்கள். நானும் பல வருடம் சொன்னேன்.

டேண்டி இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துப் பொறியாளர். 1980களில் மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே பேய் உண்டு என்று பேச்சு. ஓர் இரவு தனியாக இருந்தபோது உடம்பு சில்லிட்டது, வியர்த்தது. ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் தெரிந்தது. திரும்பினார், காணோம். மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்காகத் தன் வாளைச் சரிசெய்ய அதை வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இறுக்கினார். யாரும் தொடாமல் வாளின் நுனி மேலும் கீழும் துடித்தது. பயந்து ஓடாமல் வைஸை அறை நெடுக நகர்த்திப் பார்த்தார் என்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அறையின் நடுவில் துடிப்பு உச்சம்; சுவரருகே ஒன்றுமில்லை. காரணம், புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன். அது எழுப்பிய அலையின் அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 19, அதாவது 19 ஹெர்ட்ஸ், என்று கணக்கிட்டார். நம் காது பிடிப்பது 20இலிருந்து. அதற்குக் கீழே இருப்பதைப் பாடப்புத்தகம் குற்றொலி என்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். அதை 19ஆல் வகுத்தால் அலையின் நீளம் 18 மீட்டர். அதில் பாதி 9 மீட்டர், அதாவது 30 அடி. அறையின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவுதான். சுவருக்குச் சுவர் மோதித் திரும்பிய அலை நிலைத்து நின்று, நடுவில் குவிந்தது. ஃபேனைப் பொருத்திய விதத்தை மாற்றியதும் பேயும் போனது. கண்விழி தானும் சேர்ந்து அதிரும் அதிர்வெண்ணும் ஏறத்தாழ இதுவே என்று ஒரு நாசா அறிக்கையைக் காட்டி, 1998இல் கட்டுரையாக எழுதினார்.

அழகான கதை. அதில்தான் எனக்கு இப்போது சந்தேகம். ஓர் அறை, ஒரு ஃபேன், பேய் உண்டு என்று முன்கூட்டியே கேள்விப்பட்ட ஓர் ஆள்: சான்று இவ்வளவுதான். வாள் துடித்ததற்கு அலை காரணம் என்பதில் சிக்கல் இல்லை. உருவம் தெரிந்ததற்கும் அதுவே காரணம் என்பது ஒரு தாவல். ஆனால் வாய் மாறி வாய் போன பிறகு "19 ஹெர்ட்ஸ் பேயை வரவழைக்கும்" என்று அடித்துச் சொல்கிறார்கள். பேய்க்கதை வளரும் விதமும் இதுதானே.

சோதித்தும் பார்த்தார்கள். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்சின் குழு, ஒரு வெற்று அறையில் குற்றொலியையும் மின்காந்தப் புலத்தையும் மறைவாக ஏற்பாடு செய்து, 79 பேரை ஒவ்வொருவராக 50 நிமிடம் உள்ளே இருக்கச் செய்தது. சிலருக்கு ஒலி மட்டும், சிலருக்குப் புலம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமே இல்லை. 2009இல் முடிவு வெளியானது. தலை சுற்றியது, யாரோ இருப்பதுபோல் இருந்தது என்று பலரும் எழுதிக்கொடுத்தார்கள். ஆனால் கருவி ஓடியதற்கும் ஓடாததற்கும் வித்தியாசமே இல்லை. இந்த அறையில் விநோதமாக ஏதாவது தோன்றலாம் என்று முதலிலேயே அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்தான் வேலை செய்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

அதற்கு முன்பே, 1997இல், இதைவிடச் சிக்கனமான சோதனை ஒன்று அமெரிக்காவில் நடந்திருந்தது. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மூடிக்கிடந்த பழைய தியேட்டர் ஒன்றுக்குள் 22 பேரை அனுப்பினார்கள். பாதிப் பேரிடம் இங்கே பேய் நடமாட்டம் உண்டு என்றும், மீதிப் பேரிடம் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது என்றும் சொன்னார்கள். அதே இருட்டு, அதே நாற்காலிகள். பேய் என்று கேட்டவர்களே அதிகமாக உணர்ந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழி வரிசையைச் சரியாகப் போட்டிருக்கிறது: முதலில் அரள வேண்டும், பேய் அப்புறம்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் விடவில்லை. அங்கே சவுத் பிரிட்ஜ் என்ற பாலம் 1788இல் திறக்கப்பட்டது. அதன் 19 வளைவுகளில் ஒன்றுதான் வெளியே தெரியும். மற்றவை கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்து நிலவறைகளாகிவிட்டன. கிடங்காகவும் பிறகு ஏழைகளின் குடியிருப்பாகவும் கிடந்த அந்த அறைகளுக்குள் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் தன்னார்வலர்களை அனுப்பி, எங்கே என்ன தோன்றியது என்று குறித்தார். எட்டாம் ஹென்றியின் ராணி கேத்தரின் ஹவர்டு அலறிக்கொண்டு ஓடுவதாகச் சொல்லப்படும் லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலும் அதையே செய்தார். கதை தெரியாதவர்களும் சில இடங்களிலேயே திரும்பத் திரும்ப நடுங்கினார்கள். அறையின் அளவும் வெளிச்சமும் அதோடு ஒத்துப்போயின. ஆக, பேச்சு மட்டும் போதாது. இடமும் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும்.

வெளிச்சம் எப்படிக் கைகொடுக்கிறது என்பதை நம் வீட்டு மொட்டைமாடியிலேயே பார்க்கலாம். மங்கலான ஒரு நட்சத்திரத்தை நேராகப் பாருங்கள், மறைந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் பாருங்கள், திரும்பி வரும். விழித்திரையின் நடுப்புள்ளியில் இருப்பவை கூம்பு செல்கள். பகலுக்கு உரியவை, நிறம் பார்ப்பவை. இருட்டில் பார்க்கும் கோல் செல்கள் அந்த நடுப்புள்ளியில் அறவே இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அவற்றுக்கு நிறமும் தெரியாது. அதனால் அரையிருட்டில் எது தெரிந்தாலும் ஓரக்கண்ணில் தெரியும், சாம்பலாகவோ வெளுப்பாகவோ தெரியும், நேராகப் பார்த்தால் போய்விடும். டேண்டியின் உருவம் ஏன் சாம்பல் நிறத்தில் இருந்தது, ஏன் திரும்பியதும் காணாமல் போனது என்று கேட்டால் நான் ஃபேனைவிடக் கோல் செல்லையே முதலில் பிடிப்பேன்.

சென்னையில் பேய் என்றதும் ஆழ்வார்பேட்டைப் பக்கத்து டிமான்ட்டி காலனியைச் சொல்வார்கள். ஜான் டி மான்டி என்ற வணிகரின் பெயரால் வந்த இடம். ஆளில்லாமல் பாழடைந்த வீடுகள், ஆடும் நாற்காலி, எரியாத விளக்கு என்று கதை நீளும். வெளிச்சம் கொட்டும் பெருஞ்சாலையில் பைக்கில் வந்து அப்படியொரு இருண்ட தெருவுக்குள் திரும்புகிறவனின் கோல் செல்கள் முழுதாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அவனோ இரண்டு நிமிடம் நின்று செல்போனில் படம் எடுக்கிறான்; ஒவ்வொரு முறை திரை ஒளிரும்போதும் கண் மறுபடி குருடாகிறது.

அதோடு கூகை. பாழ்வீட்டுப் பரணை அதைவிட விரும்பும் பறவை நகரத்தில் குறைவு. நெஞ்சும் வயிறும் வெளுப்பு, முகம் வெள்ளை வட்டம். சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற அமைப்பு காற்றின் இரைச்சலை உடைத்துவிடுவதால் தலைக்கு மேல் பறந்தாலும் சத்தம் கேட்காது. கேட்பது அதன் குரல்தான். இழுத்துக் கீறும் அலறல். ஆளில்லாத வீட்டிலிருந்து வெள்ளையாக ஒன்று சத்தமில்லாமல் வெளியே மிதந்து வந்து அலறினால், கூகையைப் பற்றி இவ்வளவு படித்த நானும் பைக்கை முறுக்கிக்கொண்டுதான் போவேன்.

பூட்டுக்கு வருகிறேன். தூக்க முடக்கம் மல்லாந்து படுத்திருப்பவர்களுக்கே அதிகம் வருகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நான் பிறந்ததிலிருந்து மல்லாந்து படுக்கிறவன். அண்ணன் வைத்த இடத்தில் அந்தப் பூட்டு, மல்லாந்தால் நேராக முதுகெலும்பில் குத்தியது. எடுத்துவிட்டால் அவர் மனம் வருந்துவார். எட்டு மாதம் அதை வளைத்துக்கொண்டு ஒருக்களித்தே தூங்கினேன். அறையைக் காலி செய்த அன்று திருப்பிக் கொடுத்தபோது, "பார்த்தாயா, இரும்பு" என்று அதை வேட்டியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.