அச்சடிப்பதா, வரவு வைப்பதா?

‘ரிசர்வ் வங்கி பணம் அச்சடிக்கிறது, அதனால்தான் விலைவாசி ஏறுகிறது.’ காரைக்குடி டீக்கடையில் யாராவது சொன்னால் கேட்டுவிட்டு எழுந்து போகலாம். பொருளாதார வல்லுநர் என்ற பட்டத்தோடு தொலைக்காட்சியில் உட்கார்ந்திருப்பவரும் அதையே சொன்னால் எங்கே போவது?

அச்சு என்றால் வார்ப்பு, முத்திரை. நாணயம் அடித்த காலத்துச் சொல், பிறகு தாளுக்கும் ஒட்டிக்கொண்டது. ரூபாய்த் தாள் அச்சாவது நாசிக், தேவாஸ், மைசூரு, சல்போனி ஆகிய 4 ஊர்களில். ஆனால் நாட்டின் மொத்தப் பணத்தில் தாள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் வங்கிக் கணக்குகளில் வெறும் எழுத்து. மைய வங்கியான ரிசர்வ் வங்கி புதுப் பணம் உண்டாக்குவதும் எழுத்தால்தான். ஒரு வங்கியிடம் அரசுக் கடன்பத்திரத்தை வாங்கும். அந்த வங்கிக்குத் தன்னிடம் உள்ள கணக்கில் விலையை வரவு வைக்கும். வேறொருவர் கணக்கிலிருந்து எடுத்துத் தருவதில்லை. பணம் பிறந்துவிட்டது, மை செலவில்லை. வணிக வங்கி கடன் கொடுக்கும்போதும் இப்படித்தான்: வாங்கியவர் பேரில் பற்று, அதாவது அவர் தர வேண்டிய கடன்; அவருடைய வைப்பில் வரவு.

இதற்குச் செட்டிநாட்டில் சொல் தேடி அலைய வேண்டுமா? பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய நகரத்தார் பேரேட்டில் எழுதியதே பற்றும் வரவும்தானே. ஆண்டு முடிவில் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று காட்டும் ஐந்தொகை போடுவார்கள். ஐந்தொகை இலங்கைத் தமிழர் பாடநூல்களில் இன்னும் வாழ்கிறது. நாம்தான் அதை ‘இருப்புநிலைக் குறிப்பு’ என்று நீட்டி வைத்திருக்கிறோம்.

இதைவிட எரிச்சல் தருவது ‘அளவுசார் தளர்த்தல்’, ஆங்கிலத்தில் ‘குவாண்டிடேட்டிவ் ஈஸிங்’. 2001இல் ஜப்பான் மைய வங்கி தொடங்கி, 2008 நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவும் பிரிட்டனும் கையாண்ட முறைக்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் சூட்டிய பெயர். எதைத் தளர்த்துகிறார்கள்? ஊரடங்கையா, இடுப்புக் கச்சையையா? தளர்வு என்றால் தமிழனுக்கு விதி தளர்வது, இல்லையென்றால் உடம்பு தளர்வது. வட்டி விகிதம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிட்டது, இனிக் குறைக்க இடமில்லை, அதனால் நீண்ட காலக் கடன்பத்திரங்களைப் பெருமளவில் வாங்கி வரவு வைக்கிறார்கள் என்பதில் ஓர் எழுத்தாவது அந்தச் சொல்லில் தெரிகிறதா? தூய தமிழ்தான், மறுக்கவில்லை. தூய்மையாக இருந்து ஒன்றும் விளங்காத சொல்லை என்ன செய்வது? ‘கடன்பத்திரக் கொள்முதல்’ என்று எழுதுங்கள். வெறும் ‘பத்திரக் கொள்முதல்’ கூடாது. எங்கள் பக்கம் பத்திரம் என்றதும் சார்பதிவாளர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும்.

வரவு என்றால் வருமானம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயம்தான், ‘வரவு செலவு’ அப்படிப் பழகிவிட்டது. ‘கணக்கில் வரவு வைத்தல்’ என்று முழுதாகச் சொன்னால் அந்தக் குழப்பம் இல்லை. ‘அச்சடித்தல்’ உண்டாக்கும் குழப்பம் அதைவிடப் பெரிது: கைமாறிய கடன்பத்திரத்தை மறைத்துவிடுகிறது. அப்புறம், ‘அதான் அச்சடிக்கிறானே, வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தால் என்ன?’ என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

நல்ல சொல் கிடைத்தாலும் நம் செய்தியாளர்கள் விட்டுவைப்பதில்லை. பணவீக்கம் அருமையான ஆக்கம். ‘பணவீக்கம் குறைந்தது’ என்பதை ‘விலைவாசி குறைந்தது’ என்று தலைப்பாக்கிவிடுகிறார்கள். ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது ஐயா, விலை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.