சிறப்பு உறவா, சிறப்பான உறவா?

பிரிட்டிஷ் பிரதமர் ஒருவர் வாஷிங்டனுக்கு விமானம் ஏறினால் போதும், 'ஸ்பெஷல் ரிலேஷன்ஷிப்' என்ற சொல் செய்திகளில் தலைகாட்டிவிடும். தமிழில் அதை 'சிறப்பு உறவு' என்கிறார்கள், 'சிறப்பான உறவு' என்கிறார்கள், 'தனிச்சிறப்பு மிக்க உறவு' என்று நீட்டுகிறார்கள். இலங்கைத் தமிழில் 'விசேட உறவு'. ஒருமுறை 'சிறப்பான உறவில் கசப்பு' என்ற தலைப்பைப் படித்துவிட்டு, "கசப்பு வந்த பிறகு அது எப்படிச் சிறப்பான உறவாகும்?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. குழப்பம் அந்த இரண்டு நாடுகளிடமும் இருக்கிறது, நம்முடைய 'ஆன'விலும் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ஸ்பெஷல்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் வேர் 'ஸ்பெசியெஸ்'. தோற்றம், வகை என்று பொருள். அதற்கும் அடியில் 'பார்' என்னும் வினை இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் மற்றவற்றிலிருந்து பிரித்தறியக்கூடிய ஒரு வகை, அவ்வளவுதான். உயர்ந்தது, மேலானது என்ற வாடை பின்னால் ஏறியது. ஓட்டலில் 'ஸ்பெஷல் மீல்ஸ்' கேட்கும்போது நமக்கு நினைவுக்கு வருவது அந்தப் பிந்தைய பொருள்.

'சிறப்பு' என்ற நம் சொல்லுக்கும் இந்த இரட்டை வாழ்க்கை உண்டு. 'சிறப்பொடு பூசனை' என்று குறள் சொல்லும் இடத்தில் சிறப்பு என்றால் திருவிழா. 'சிறப்பொவ்வா' என்னும் இடத்தில் பெருமை. ஆனால் இலக்கணக்காரர்கள் கையில் இது பொதுவுக்கு எதிர்ச்சொல்: பொதுப்பெயர், சிறப்புப்பெயர். நன்னூலில் பாயிரம், அதாவது நூலின் முன்னுரை, இரண்டு வகை. எல்லா நூலுக்கும் பொருந்துவது பொதுப்பாயிரம். குறிப்பிட்ட அந்த ஒரு நூலுக்கு மட்டும் உரியது சிறப்புப்பாயிரம். லத்தீன்காரர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

அரசாங்கத் தமிழிலும் இந்தப் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. சிறப்பு ரயில் சிறப்பான ரயில் அல்ல. கூடுதல் கட்டணம் கொடுத்து அதில் போனவர்களுக்குத் தெரியும். சிறப்பு வகுப்பைச் சிறப்பான வகுப்பு என்று எந்தப் பள்ளிப் பிள்ளையும் ஒப்புக்கொள்ளாது. திருச்சியில் இலங்கைத் தமிழர்களை அடைத்துவைத்த இடத்துக்குப் பெயர் 'சிறப்பு முகாம்'. ஆக, 'சிறப்பு' என்று நின்றால் தனி வகை. 'சிறப்பான' என்று நீண்டால் பாராட்டு. பிரிட்டன், அமெரிக்கா விஷயத்தில் முதலாவது சரி. இரண்டாவது சில நாட்களில் மட்டும் சரி.

சொல்லைப் புகழ்பெறச் செய்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1946 மார்ச் 5, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஃபுல்டன் என்ற சிற்றூர், வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரி. மேடையில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் உட்கார்ந்திருக்கிறார். 'இரும்புத்திரை' என்ற சொல் உலகெங்கும் பரவியது அந்தப் பேச்சினால்தான். அதே பேச்சில்தான் பிரிட்டிஷ் காமன்வெல்த்துக்கும் பேரரசுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையே ஒரு 'ஸ்பெஷல் ரிலேஷன்ஷிப்' வேண்டும் என்றும் கேட்டார். அப்போது அவர் பிரதமர் இல்லை. முந்தைய ஆண்டே தேர்தலில் தோற்றிருந்தார். அவருடைய தாயார் புரூக்ளினில் பிறந்த அமெரிக்கர் என்பதால் பாதி உறவு அவருக்கு வீட்டிலேயே இருந்தது. 1941-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது, தந்தை அமெரிக்கராகவும் தாய் பிரிட்டிஷாராகவும் இருந்திருந்தால் நானே முயன்று இந்த அவைக்கு வந்திருப்பேன் என்று சிரிக்க வைத்தவர் அவர்.

ஃபுல்டனில் அவர் சொன்னதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 'எ ஸ்பெஷல் ரிலேஷன்ஷிப்' என்றார். அதாவது ஒரு சிறப்பு உறவு. போகப்போக லண்டன் பத்திரிகைகள் 'தி ஸ்பெஷல் ரிலேஷன்ஷிப்' என்று எழுதத் தொடங்கின. 'எ' போய் 'தி' வந்ததில் ஒரு பெரிய உரிமைக்கோரல் ஒளிந்திருக்கிறது: இந்த உறவு ஒன்றுதான், வேறு யாருக்கும் இல்லை. அமெரிக்கத் தலைவர்களோ இஸ்ரேலைப் பற்றியும் இதே சொல்லைத் தாராளமாகச் சொல்வார்கள். தமிழில் 'தி' கிடையாது. நாம் வெறுமனே 'சிறப்பு உறவு' என்று எழுதும்போது அந்த உரிமைக்கோரல் உதிர்ந்துவிடுகிறது. நட்டமா, லாபமா என்று கேட்டால், லாபம் என்றுதான் சொல்வேன்.

சர்ச்சில் பேசியது கடன் கேட்டு நின்ற ஒரு நாட்டுக்காக என்பதையும் மறக்கக்கூடாது. போர்க்காலத்தில் அமெரிக்கா கொடுத்துவந்த கடன்-குத்தகை உதவி, 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்த சில நாட்களிலேயே நின்றுவிட்டது. பிரிட்டனின் கையில் காசு இல்லை. பொருளியல் அறிஞர் கெயின்ஸ் வாஷிங்டனுக்குப் போய் மாதக்கணக்கில் மன்றாடிப் பார்த்தார். நன்கொடையாகக் கிடைக்கும் என்று நம்பிப் போனவருக்குக் கிடைத்தது 375 கோடி டாலர் கடன், 2 சதவீத வட்டிக்கு. ஃபுல்டன் பேச்சு நடந்தபோது அந்தக் கடனுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் இன்னும் ஒப்புதல் தரவில்லை. கடைசித் தவணையை பிரிட்டன் கட்டி முடித்தது 2006 டிசம்பரில். தோளோடு தோள் நின்று போரிட்டவர்களுக்குள் அறுபது ஆண்டுக் கணக்கு!

அந்த 1946-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்ச்சில் ஃபுல்டனில் பேசிய அதே மார்ச் 5-ஆம் தேதி, ஒட்டுக்கேட்ட தகவல்களை இரு நாடுகளும் பகிர்ந்துகொள்ள ரகசிய ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. அதன் வாசகம் வெளியே வர 2010 ஆனது. 'ஐந்து கண்கள்' என்று இன்று சொல்லப்படும் உளவுக் கூட்டணிக்கு அதுதான் விதை. ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்டில், மக்மஹன் சட்டம் என்ற ஒன்றை அமெரிக்கா கொண்டுவந்தது. அணுகுண்டு ரகசியங்களை எந்த வெளிநாட்டுக்கும் தரக்கூடாது என்றது அது. குண்டைச் செய்ய உடனிருந்து உழைத்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகளின் நாடும் அந்த 'வெளிநாட்டில்' அடக்கம். பிரிட்டன் தானாகவே குண்டு செய்து 1952-இல் வெடித்துக் காட்டியது. 1958-இல்தான் அணுக் கதவு மறுபடி திறந்தது. ஒட்டும் வெட்டும் ஒரே வருடத்தில்.

சண்டைகளின் பட்டியல் நீளம். 1956-இல் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு சேர்ந்து எகிப்தைத் தாக்கியபோது, அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பிரிட்டிஷ் நாணயமான பவுண்டின் கழுத்தைப் பிடித்தார். நாணயம் சரியும் நிலையில் அமெரிக்க ஆதரவு இல்லை என்றதும் லண்டன் போரை நிறுத்தியது. சில வாரங்களில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். வியட்நாமுக்கு ஒரு படைப்பிரிவாவது அனுப்பு என்று அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் கேட்டார். பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன் கடைசிவரை அனுப்பவில்லை. 1983-இல் அமெரிக்க அதிபர் ரீகன் கரீபியன் தீவான கிரெனடாவுக்குள் படையை இறக்கினார். அந்தத் தீவின் அரசத் தலைவர் எலிசபெத் ராணி. ரீகனின் நெருங்கிய தோழியாக அறியப்பட்ட பிரிட்டிஷ் பிரதமர் தாட்சருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இவற்றைவிட ஆழமாகக் குத்தியது ஒரு பேச்சு. 1962 டிசம்பரில், முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் அச்செசன், பிரிட்டன் ஒரு பேரரசை இழந்துவிட்டது, அது ஏற்று நடிக்க வேறு பாத்திரம் இன்னும் அகப்படவில்லை என்றார். இந்தச் 'சிறப்பு உறவை' நம்பி ஆடும் ஆட்டமும் முடியப்போகிறது என்று சேர்த்துச் சொன்னார். லண்டன் கொதித்தது. அதே மாதம் பிரிட்டன் நம்பியிருந்த ஸ்கைபோல்ட் ஏவுகணைத் திட்டத்தை அமெரிக்கா கைவிட்டது. பிரதமர் மக்மில்லன் பஹாமாஸின் நசாவில் அதிபர் கென்னடியைச் சந்தித்துப் பேசி, பதிலுக்கு நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணைகளை வாங்கிக்கொண்டு திரும்பினார். கோபம், சமாதானம், கையில் ஒரு பொருள்: இந்த உறவு இப்படித்தான் நடக்கிறது.

அந்த போலாரிஸ் கணக்கில் ஒரு வரி நம் பக்கத்துக் கடலுக்கு வருகிறது. இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா என்ற பவளத்தீவு. 1965-இல் சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரீசியசிலிருந்து பிரித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டது பிரிட்டன். அடுத்த ஆண்டு ராணுவத் தளம் அமைக்க அமெரிக்காவுக்கு இடம் கொடுத்தது. வாடகை என்று எதுவும் வெளியில் தெரியவில்லை. போலாரிஸ் விலையில் 1.4 கோடி டாலரை அமெரிக்கா ஓசையில்லாமல் தள்ளுபடி செய்திருந்தது. தீவில் வாழ்ந்த மக்களை 1973-க்குள் மொத்தமாக வெளியேற்றிவிட்டார்கள். சிறப்பு உறவுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள், கையெழுத்துப் போட்ட இருவரில் யாரும் அல்லர்.

2021 அக்டோபரில் அந்தத் தீவில் இலங்கைத் தமிழர்களின் படகு ஒன்று வந்து சேர்ந்தது. கனடாவுக்குப் போக நினைத்துப் பழுதான படகு. வேலி போட்ட கூடார முகாமில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் கிடந்தார்கள். அவர்களைச் சட்டவிரோதமாக அடைத்துவைத்திருக்கிறார்களா என்று விசாரிக்க, 2024 ஜூலையில் அந்தத் தீவிலேயே நீதிமன்றம் கூட ஏற்பாடானது. பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி, பிரிட்டிஷ் நீதிபதி. ஆனால் அமெரிக்கா பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்க, விசாரணை தள்ளிப்போனது. செப்டம்பரில் நடந்தது. டிசம்பரில் தீர்ப்பு வந்தது: அடைத்துவைத்தது சட்டவிரோதம்தான். வீடு யாருடையது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

சரி, 'ஸ்பெஷல்' முடிந்தது. 'ரிலேஷன்ஷிப்'புக்கு 'உறவு' என்பதில் சிக்கல் இல்லை என்று தோன்றும். உறு என்ற வினையிலிருந்து வருவது, சேர்தல், பொருந்துதல். ஆனால் ஆங்கிலச் சொல்லில் இல்லாத ரத்தவாசம் நம் உறவில் உண்டு. உறவு என்றதும் என்ன முறை என்று கேட்கிற ஊர் நம்முடையது. அப்படிக் கேட்டால் பிரிட்டனும் அமெரிக்காவும் மாமன் மச்சான் இல்லை, பங்காளிகள். பங்கை ஆள்பவன் பங்காளி. இன்னொரு சொல் தாயாதி. இதைத் தாயோடு சேர்த்துப் பலர் பொருள் கொள்கிறார்கள். அது 'தாயம்' என்னும் பரம்பரைச் சொத்திலிருந்து வந்தது. பங்குக்கு உரியவன் என்று பொருள். வடமொழி 'தாயாத'வின் தமிழ் வடிவம். மொழியும் சட்டமரபும் ஒரே பாட்டன் சொத்து. வரப்புத் தகராறு தீராது. ஆனால் வெளியாள் கைவைத்தால் இருவரும் ஒன்றாக நிற்பார்கள். பங்காளி என்ற சொல் இவ்வளவையும் சுமக்கும்.

ஆனாலும் செய்தியில் அதைக் கலைச்சொல்லாக எழுத மாட்டேன். பங்காளிகள் என்றால் பங்கு ஏறத்தாழச் சமம் என்ற நினைப்பு வருமே! 2002 ஜூலையில், ஈராக் போருக்கு எட்டு மாதம் முன்பு, பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பு, என்ன ஆனாலும் உங்களோடு இருப்பேன் என்று தொடங்கியது. எந்தப் பங்காளியும் இன்னொரு பங்காளிக்கு இப்படி எழுதிக் கொடுத்ததில்லை. கட்டுரையில், பேச்சில் 'பங்காளி உறவு' என்று சொல்லலாம், சுவைக்காக.

கலைச்சொல்லாக 'சிறப்பு உறவு' போதும். சேர்த்து 'சிறப்புறவு' என்று எழுதுவது புணர்ச்சிப்படி சரி. ஆனால் 'விழா சிறப்புற நடந்தது' என்று படித்துப் பழகிய கண் அங்கே இடறும். பிரித்தே எழுதலாம். 'தனியுறவு' வேண்டாம், ஊர்வம்பு போல ஒலிக்கிறது. 'நெருங்கிய உறவு' என்றால் யாருக்கும் பொருந்தும். 'சிறப்பான உறவு' பிழை. அவர்களே அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்றால் மேற்கோளுக்குள் போடுங்கள். நன்னூலுக்கு இதில் ஒரு கருத்து உண்டு: எவ்வளவு பெரியவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது, அதனால் சிறப்புப்பாயிரத்தை வேறொருவர்தான் எழுத வேண்டும். லண்டனில் இதைத் தாமதமாகப் புரிந்துகொண்டார்கள். 2010-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு, இந்தச் சொல் தவறான எண்ணத்தைத் தரும், தவிர்ப்பது நல்லது என்று பரிந்துரைத்தது. முன்னாள் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கும் இது பிடிக்காதாம். கெஞ்சுவதுபோல் இருக்கிறது என்பது அவர் எண்ணம். சொல் என்னவோ போகவில்லை.

அப்புறம் ஒரு காட்சி. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் முடிந்து இரண்டு நாள். லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் காவலர் மாறும் சடங்கில், ராணியின் உத்தரவுப்படி, வழக்கத்தை மீறி அமெரிக்க தேசியகீதத்தை வாசித்தார்கள். வாயிலில் நின்ற அமெரிக்கர்கள் அழுதார்கள். பங்காளி வீட்டுச் சாவுக்குப் போவது என்பது இதுதான். அந்தப் பாட்டு பிறந்த கதை வேறு. 1814 செப்டம்பர் 13 அன்று பால்டிமோர் துறைமுகத்தின் மக்ஹென்றி கோட்டையைப் பகலும் இரவும் குண்டு போட்டுத் தாக்கியது ஒரு கடற்படை. விடிந்தும் கோட்டையில் கொடி பறப்பதைக் கப்பலிலிருந்து பார்த்த பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய வரிகள் அவை. குண்டு போட்டது பிரிட்டிஷ் கடற்படை. அரண்மனையில் அதை வாசித்த தேதியும் செப்டம்பர் 13.